பட்டிக்குள் நாய் புகுந்த மறுநாள் காலை

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலைப் பக்கத்து ஆட்டுக்காரர்களுக்கு இது கேட்டறிந்த செய்தியல்ல, பட்டது. விடியற்காலையில் பட்டிக்குப் போனால் ஆடுகள் கிடக்கின்றன. கூட்டமாகப் புகும் நாய்கள் பசிக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஓடுகிற ஆட்டையெல்லாம் துரத்திக் கழுத்திலும் தொடையிலும் மடியிலும் கடித்துப் போட்டுவிட்டுப் போகின்றன. மிரண்ட செம்மறிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூச்சுமுட்டியும் சாகின்றன. சினை ஆடுகளுக்குக் கரு கலைகிறது. பிள்ளையின் படிப்புச் செலவுக்கும் மகளின் கல்யாணத்துக்கும் விற்கவென்று வளர்த்தவை அவை.

வயிற்றெரிச்சலில் பெரும்பாலோர் உடனே குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து புதைக்காதீர்கள். கிடந்தது கிடந்தபடி செல்போனில் படம் எடுங்கள். பட்டி, வேலியின் இடைவெளி, கால்தடம், ஒவ்வொரு ஆட்டின் காயம் எல்லாம் படத்தில் வரட்டும். கால்நடை உதவி மருத்துவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சிக்கும் தகவல் சொல்லுங்கள். உயிரோடு இருப்பவற்றின் சிகிச்சைக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். மருத்துவர் உடற்கூறாய்வு செய்து சான்று தந்த பிறகுதான் புதைக்க வேண்டும். கடித்தது நாயா, சிறுத்தை போன்ற காட்டு விலங்கா என்பதை அந்தச் சான்றுதான் சொல்லும். காட்டு விலங்கு என்றால் இழப்பீட்டுக்கு வனத்துறையிடம் போக வேண்டும்.

தெருநாய் கடித்துச் சாகும் கால்நடைகளுக்குத் தமிழ்நாட்டில் நெடுங்காலம் எந்த இழப்பீடும் கிடைக்கவில்லை. விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்து போராடிய பிறகு, 2025இல்தான் அரசு இறங்கி வந்தது. மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று தொடங்கி, ஆட்டுக்கும் கோழிக்கும் பிறகு தொகை உயர்த்தப்பட்டது. நடப்பில் உள்ள தொகையைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கன்னிவாடிச் சந்தையில் ஒரு வளர்ந்த ஆட்டை இந்தப் பணத்துக்கு வாங்கிவிட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் எழுத்தில் மனு கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். மனு நகராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

இதைவிட உறுதியான காப்பு காப்பீடு. தேசிய கால்நடை இயக்கத்தில் 2024இல் செய்த மாற்றத்தின்படி விவசாயி கட்ட வேண்டியது பிரீமியத்தில் 15 சதவீதம் மட்டுமே. மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் உண்டு. காப்பீடு செய்யும்போது மாட்டிய காதுவில்லையை ஆடு செத்தாலும் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் பணம் வாங்குவது கடினம்.

அடுத்து, ஊருக்குள் மெல்லிய குரலில் பேசப்படுகிற விஷம். ஒரு பட்டியே அழிந்தவரின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கறியில் விஷம் தடவி வைத்தால் கடித்த நாய்தான் தின்னும் என்று யார் சொன்னது? பக்கத்துத் தோட்டத்துக் காவல் நாய் சாகும். மயிலும் காகமும் சாகும். மயிலைக் கொன்றால் வனவிலங்குச் சட்டம் பாயும். நாயைக் கொன்றாலே பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. வேலியில் கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சுவது அதைவிட மோசம், மனித உயிரே போகும். பட்டிக்குள் புகுந்த நாயைத் தடியெடுத்து விரட்டுவது வேறு. அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

தெருநாய்களைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புக்கு உரியது. 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் பிடித்தவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் அப்படித் திரும்ப விடக் கூடாது என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நகரத்தில் பிடித்த நாய்களை வண்டியில் ஏற்றி வந்து கிராமத்து எல்லையில் இறக்கிவிட்டால் அது விதிமீறல். வண்டியின் எண் தெரியும்படி படம் எடுத்துப் புகார் கொடுங்கள்.

நாய்க் கூட்டம் ஓரிடத்தில் தங்குவதற்குக் காரணம் தீனி. கறிக்கடைக் கழிவு குளக்கரையிலும், கோழிப்பண்ணையில் செத்த கோழி சாலையோரத்திலும் கொட்டப்படுகிற வரைக்கும், எத்தனை நாயைப் பிடித்தாலும் புதிதாக வந்துகொண்டேதான் இருக்கும். இதைச் சொல்ல ஊரில் பலர் தயங்குகிறார்கள். கொட்டுகிறவர் சொந்தக்காரராகவோ தெரிந்தவராகவோ இருக்கிறார். இரவில் அவிழ்த்துவிடும் நம் வீட்டு நாயும் அந்தக் கூட்டத்தில் சேரலாம். அதற்கும் தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, இரவில் தோட்டத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலியை நம்பி ஆட்டை இரவில் அப்படியே விட்டுவரும் பழக்கம் இனி ஆபத்தானது. வீட்டருகே பட்டி போட்டு, ஆளுயரத்துக்குக் கம்பிவலை கட்டி, வலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். நாய் மண்ணைத் தோண்டியும் நுழையும்.

பிழைத்த ஆடுகளை மறக்க வேண்டாம். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. கடிபட்ட அன்றே தடுப்பூசி தொடங்கி 3, 7, 14, 28ஆம் நாட்களில் தொடர வேண்டும். கடிபட்ட மாடு பிறகு எச்சில் ஒழுக்கி, விழுங்க முடியாமல் கத்தினால், தொண்டையில் ஏதோ சிக்கியதென்று வாய்க்குள் கைவிடாதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். அறிகுறி தெரிந்த பிறகு அதற்கு மருந்தே கிடையாது. கையில் சிராய்ப்பு இருந்து எச்சில் பட்டிருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம்.

அடுத்த கிராமசபையில் இரண்டு தீர்மானங்களைக் கேளுங்கள்: ஒன்று, நம் ஊராட்சியில் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும். மற்றொன்று, இறைச்சிக் கழிவைக் கொட்டுகிறவருக்கு அபராதம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூட்டம் நடக்கும். ஆடு பறிகொடுத்தவர்கள் சேர்ந்தே போய், தீர்மானம் பதிவேட்டில் ஏறும்வரை இருந்து, அதன் நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.