முதுமையும் விற்றமின் சியும்

ஜிந்துப்பிட்டிக்கு அணித்தாயுள்ள கொழும்புத் துறைமுகத்திற் பாய்க்கப்பல்கள் நங்கூரமிட்ட காலத்திலே, கடலோடிகள் புயலைப் போலவே அஞ்சிய நோயொன்று இருந்தது. முரசு வீங்கிக் குருதி கசியும். தோலிற் கருநீலப் புள்ளிகள் தோன்றும். ஆறிய புண்களும் மீண்டும் வாய்திறக்கும். அதுவே ஸ்கர்வி. 1652ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார் நன்னம்பிக்கை முனையிற் காய்கறித் தோட்டம் அமைத்தமை, கீழ்த்திசைக்கு வரும் தம் கப்பலாட்களுக்குப் புத்துணவு வழங்கும் பொருட்டேயாம். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். அவர்களைக் காத்த பொருள் விற்றமின் சி என்பது 1932இல் தெளிவாயிற்று.

பாய்க்கப்பல்கள் மறைந்தன; அக்குறைபாடோ மறைந்திலது. 2011இல் வெளியான ஆய்வொன்றில், இந்தியாவில் அறுபதும் அதற்கு மேலும் வயதுடைய ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரின் குருதி சோதிக்கப்பட்டது. வடக்கே நூற்றுக்கு 74 பேரிடமும், தெற்கே 46 பேரிடமும் இவ்விற்றமின் குறைந்திருந்தது. பழங்களுக்குப் பஞ்சமில்லாத நாட்டிலும் இந்நிலையென்றால், காரணத்தை நாம் ஆராய்தல் வேண்டும்.

பெரும்பாலான விலங்குகள் விற்றமின் சியைத் தம் உடலிலேயே ஆக்குகின்றன. மனிதனுக்கு அவ்வாற்றல் இல்லை. நெடுங்காலம் சேமித்து வைக்கவும் இயலாது. உணவில் அது அறவே இல்லாதொழியின் ஒன்று முதல் மூன்று மாதங்களுள் நோய்க்குறிகள் தோன்றும். தோலையும் முரசையும் குருதிக்குழாய்களையும் பிணைத்துநிற்கும் கொலாஜன் என்னும் புரதம் உறுதிபெறுவதற்கு இஃது இன்றியமையாதது. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவும் துணைபுரிவது.

பல் விழுந்தபின் கடினமான பழங்களை முதியோர் விலக்குகின்றனர். துணையிழந்து தனித்திருப்போர் பாணும் தேநீருமே போதுமென அமைகின்றனர். புளிப்பு வயிற்றுக்கு ஆகாதென அஞ்சுவோரும் உளர். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால், எஞ்சுவது சிறிதே. புகைப்போருக்கோ இவ்விற்றமின் மிகுதியாக வேண்டும். இவற்றினும் கேடானது, முரசிலே குருதி கசிவதையும் கால் நோவதையும் சோர்வையும் கண்டு, “வயது போனால் இப்படித்தான்” என்று வீட்டார் வாளாவிருப்பது. உணவின் குறையை மூப்பின் மேல் ஏற்றுதல் தகாது.

பரிகாரமோ எளிது. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. நன்கு கனிந்த கொய்யா ஒன்றே அதனினும் மிகுதியாகத் தரும். பல்லில்லாதோருக்குப் பப்பாசி ஏற்றது. நெல்லி, வல்லாரைச் சம்பல், விரைவாகச் செய்த முருங்கையிலை வறை என்பனவும் நல்லவை. தேசிக்காயைக் கறி அடுப்பினின்று இறக்கியபின் பிழிக. மாத்திரைகளை அளவின்றி விழுங்குதல் நன்றன்று. சிறுநீரகக் கல் உடையோர் வைத்தியரைக் கேட்டே உட்கொள்ளல் வேண்டும்.

நமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியர் பலர் இன்று முதுமை எய்தியுள்ளனர். அவர்களைக் காணச் செல்லும் பழைய மாணவர், பிசுக்கோத்துப் பெட்டிக்குப் பதிலாகக் கனிந்த பழங்களைக் கொண்டுசெல்வாராக. அவர்கள் என்ன உண்கின்றனர் என்பதையும் அன்போடு வினவுவாராக.