பாடும் கண்பாடும்

'பாடுபட்டுப் பிழைத்தான்' என்னும் வழக்கில் பாடு என்பது உழைப்பு. அதில் துன்பமும் கலந்திருக்கிறது. திருக்குறளில் வரும் 'கண்பாடு' என்னும் சொல்லிலோ அது உறக்கம். நெய்தல் திணைக்குரிய சிறுபொழுது எற்பாடு. 'எல்' ஞாயிற்றைக் குறிக்கும். 'பாடு' அது சாய்வதைக் குறிக்கும். 'வழிபாடு' என்பதிலும் இச்சொல் உண்டு. பழவேற்காட்டு மீனவரிடம் இதற்கு இன்னும் ஒரு பொருள் வழங்குகிறது.

தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். கடல்நீர் ஏரிக்குள் புகும் முகத்துவாரத்தை ஒட்டி இறால் மிகுதி. நல்ல இடங்களோ சில. வலை உடையோர் பலர். எனவே ஊரார் கூடி, எந்நாளில் யார் எங்கே வலையிடுவது என்று முறை வகுத்துக்கொண்டனர். அம்முறைக்கே 'பாடு' என்று பெயர். இன்று வலையிட்டவர் நாளை அவ்விடத்தைப் பிறருக்கு விட்டுத்தர வேண்டும்.

பூசலைத் தவிர்க்கவும் இறால் வளத்தைப் பகிரவும் எழுந்த ஏற்பாடு இது. ஆயினும் இதனால் விளைந்த மற்றொரு நன்மை எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தாம் கரையில் இருக்கும் நாளில் தம் பங்கைப் பிறர் அள்ளிச் செல்வாரோ என்னும் அச்சமே மனிதரை ஓயவிடாமல் துரத்துகிறது. தம் முறை தவறாமல் வரும் என்று உறுதியாக அறிந்தவர், வலையைப் பொத்திக்கொண்டே நீரை நோக்கி அமர்ந்திருக்கலாம். மாலையில் கோவிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ செல்லலாம். அமைதி என்பது தனிமனிதரின் மனவுறுதியால் மட்டும் வாய்ப்பதன்று. அண்டை வீட்டாரும் வரம்பை மதித்தால்தான் அது கைகூடும்.

பாடு முறையைக் குறையற்றதெனப் புகழ்வதற்கில்லை. அவ்வுரிமை சில ஊர்களுக்கும் சில குடிகளுக்குமே இருந்தது. வெளியே நிறுத்தப்பட்டோருக்கு முறையும் இல்லை, அதனால் வரும் அமைதியும் இல்லை. வருவாயின்றிக் கரையில் கிடத்தலும் ஓய்வாகாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. அது மீனினம் பெருகுவதற்கான காலம். படகில் கூலிக்குச் செல்வோரின் வீட்டிலோ அது கவலைக்குரிய காலம்.

ஏரிக்குத் தெற்கே, வங்கக்கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே காட்டுப்பள்ளி உள்ளது. நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் குடிநீர் தரவல்ல கடல்நீர் ஆலை 2010இல் அங்கு இயங்கத் தொடங்கியது, துறைமுகமும் உள்ளது. இத்தகைய இடங்களில் இரவுக்கும் பகலுக்கும் வேறுபாடில்லை. வேலை ஷிப்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஷிப்டும் ஒரு முறைதான். ஆனால் அதை வகுப்பது ஊர்க்கூட்டம் அன்று, நிருவாகம். இரவுப்பணி முடித்து வரும் மகன் காலையில் கண்ணயர்கிறான்; வலையோடு புறப்படும் தந்தை, அவன் உறக்கம் கலையாதவாறு கதவை மெல்லச் சாத்திச் செல்கிறார்.