ஒரு நொடியை 10 நொடியாக்கிய சண்டை!

குழந்தைகளே, ஆடு புலி ஆட்டம் ஆடியிருக்கிறீர்களா? 3 புலி, 15 ஆடு. புலி தாண்டினால் ஆடு காலி. ஆனால் ஆடுகள் கூட்டமாகச் சேர்ந்து வழியை அடைத்துவிட்டால், புலியால் அசையக்கூட முடியாது! பெரியவனுக்கு ஒரு பலவீனம், சின்னவனுக்கு ஒரு வழி. சண்டை விளையாட்டுக்கு ருசியே அதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில், விண்வெளியில், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஆடும் விளையாட்டிலும் இதே கதைதான்.

அந்த விளையாட்டின் பெயர் 'ஈவ் ஆன்லைன்'. ஐஸ்லாந்து நாட்டின் சி.சி.பி. கேம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. 2003-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. ஐஸ்லாந்தின் மக்கள்தொகை 4 லட்சம்கூட இல்லை. நம் காஞ்சிபுரம் மாவட்டத்தைவிடக் குறைவு! அந்தக் குட்டி நாட்டுக்காரர்கள் 7,000-க்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்களைக் கம்ப்யூட்டருக்குள் படைத்துவிட்டார்கள். விளையாடுபவர் ஒரு விண்கப்பல் மாலுமியாக வேடம் ஏற்கிறார். அவர் கனிமம் தோண்டலாம், வியாபாரம் செய்யலாம், கப்பல் கட்டி விற்கலாம், சண்டைக்கும் போகலாம்.

எங்கள் ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன்தான் எனக்கு இதைப் பற்றிச் சொன்னான். "குறி பார்த்துச் சுடுவது யாருப்பா?" என்று கேட்டேன். "யாரும் குறி பார்ப்பதில்லை சார், கணக்குதான் சுடுகிறது" என்றான். நாற்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன வேண்டும்?

அது எப்படி என்று பார்ப்போம். எதிரியின் கப்பலைத் தேர்ந்தெடுத்து, பீரங்கியை இயக்கினால் போதும். மீதியை லண்டனில் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு நொடிக்கும் ஒரு தடவை, யார் எங்கே இருக்கிறார்கள், எவ்வளவு வேகத்தில் போகிறார்கள் என்று அது கணக்கிடுகிறது. ஏன் இப்படி? காஞ்சிபுரத்தில் நீங்கள் பொத்தானை அழுத்தினால், அந்தச் செய்தி லண்டன் போய்ச் சேரச் சிறிது நேரம் பிடிக்கும். லண்டன்காரனுக்கோ அந்தத் தாமதமே இல்லை. கைவேகத்துக்கு மட்டும் மதிப்பு கொடுத்தால் தூரத்தில் இருப்பவன் தோற்றுக்கொண்டே இருப்பான். நொடிக்கு ஒரு கணக்கு என்றால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இப்போது சின்னக் கப்பல் பெரிய கப்பலை எப்படி ஏமாற்றுகிறது என்று சொல்கிறேன். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை எங்கள் ஊருக்குப் பக்கம்தான். தூரத்து வயலில் நின்று பார்த்தால், அங்கே போகும் பஸ் மெதுவாக நகர்வதுபோல் தெரியும். தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஆனால் சாலையோரமே நின்றால்? அதே பஸ் 'விர்'ரென்று கடக்கும். தலையைச் சட்டென்று திருப்பினாலும் தவறிவிடும். வேகம் ஒன்றுதான், திரும்ப வேண்டிய கோணம்தான் மாறுகிறது.

பெரிய போர்க்கப்பலின் பீரங்கி கனமானது, மெதுவாகத்தான் திரும்பும். எனவே சின்னக் கப்பல் பயந்து தூர ஓடுவதில்லை. கிட்டே வந்து, வட்டமடிக்கிறது! பீரங்கி திரும்புவதற்குள் அது அடுத்த பக்கம் போய்விடும். நேராக ஓடி வந்தால் மட்டும் தொலைந்தது. அப்போது கோணம் மாறாது, பீரங்கிக்கு வசதி.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நிற்கும் கப்பலைச் சுடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பீரங்கி 10 கிலோமீட்டர் வரை நன்றாகச் சுடும். அதற்குமேல் 5 கிலோமீட்டர் கூடினால், அதாவது 15 கிலோமீட்டரில், குறி தப்பாமல் இருக்கும் வாய்ப்பு பாதியாகும். அப்படியானால் 20 கிலோமீட்டரில்? "கால் பங்கு சார்!" என்று கத்துவீர்கள். இல்லை! அந்த 5 கிலோமீட்டரைப்போல் 2 மடங்கு தள்ளிப் போயிருக்கிறோம். 2-ஐ வர்க்கப்படுத்தினால் 4. ஆகவே அரையை 4 முறை எழுதிப் பெருக்க வேண்டும். விடை 16-ல் 1 பங்கு.

குண்டு பட்டாலும் உடனே கப்பல் உடையாது. முதலில் காந்தத் திரைபோல ஒரு கேடயம், அப்புறம் கவசத் தகடு, கடைசியில் கப்பலின் கூடு. மூன்றும் போனால்தான் முடிவு.

முடிவு என்றால் நிஜமாகவே முடிவு. பல விளையாட்டுகளில் செத்தால் மறுபடி முதலிலிருந்து அதே வாளோடு எழுந்துவிடலாம். இங்கே உடைந்த கப்பல் போனது போனதுதான். அந்தக் கப்பலும் சும்மா வந்ததல்ல. யாரோ கனிமம் தோண்டி, யாரோ சுமந்து வந்து, யாரோ கட்டியது. எங்கள் ஊர்த் தறியில் ஒரு பட்டுச்சேலைக்குப் பல நாள் பாடுபடுகிறார்கள் இல்லையா? 'டைட்டன்' என்ற ராட்சதக் கப்பலுக்கு ஒரு கூட்டமே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். அதனால்தான் அதைச் சண்டைக்கு அனுப்பும் முன் பத்து தடவை யோசிப்பார்கள்.

2014 ஜனவரி 27-ஆம் தேதி என்ன நடந்தது தெரியுமா? பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்தை ஓர் அணி வைத்திருந்தது. அதற்கு வாடகைபோல ஒரு கட்டணம் உண்டு. அந்தத் தடவை கட்டணம் போய்ச் சேரவில்லை! உடனே உரிமை போயிற்று. மோப்பம் பிடித்த எதிரணி படையோடு நுழைந்தது. இவர்களும் டைட்டன்களை இறக்கினார்கள். அவர்கள் ஆள் கூப்பிட, இவர்கள் ஆள் கூப்பிட, மொத்தம் 7,548 பேர்! சண்டை ஓயும்போது 21 மணி நேரம் ஆகியிருந்தது. நொறுங்கிய டைட்டன்கள் 75. (21 மணி நேரம் நாற்காலியில்! சிலர் நடுவில் தூங்கிவிட்டு வந்தார்களாம். கொஞ்சமாவது புத்தி இருந்திருக்கிறது.) விளையாட்டு நேரத்துக்குக் கொடுக்கும் நிஜப் பணத்தை வைத்து மதிப்பிட்டால், அழிந்த கப்பல்களின் விலை 3 லட்சம் டாலருக்கு மேல். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 2 கோடி ரூபாய்!

இவ்வளவு பேருக்கும் நொடிக்கு ஒரு கணக்குப் போட சர்வரால் முடியுமா? முடியாது. ஒரே வகுப்பில் ஆயிரம் பேர் நோட்டை நீட்டினால் வாத்தியார் என்ன செய்வார்? முன்பெல்லாம் இப்படிக் கூட்டம் சேர்ந்தால் சர்வர் தடுமாறி, சிலர் சுட்டது பதிவாகாமலே போகும். இதற்கு அந்த நிறுவனத்தார் கண்டுபிடித்த வழி விசித்திரமானது. கூட்டத்தைக் குறைக்கவில்லை, நேரத்தையே மெதுவாக்கிவிட்டார்கள்! கூட்டம் அதிகமாக அதிகமாக, விளையாட்டுக்குள் கடிகாரம் மெல்ல ஓடும். மிக நெரிசலான சமயத்தில் உள்ளே 1 நொடி நகர, வெளியே 10 நொடி ஆகும். எல்லாருக்கும் ஒரே மாதிரி மெதுவாவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

2020 அக்டோபரில் இதே விளையாட்டில் இன்னொரு சண்டை நடந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் 8,825 பேர். அது கின்னஸ் சாதனை.

உங்களுக்கு ஒரு கணக்கு. 2014 சண்டை முழுவதும் 10-க்கு 1 என்ற மெதுவான வேகத்திலேயே நடந்திருந்தால், விளையாட்டுக்குள் இருந்த கடிகாரம் எவ்வளவு நேரம் காட்டியிருக்கும்? நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, கீழே பாருங்கள்.

(விடை: 2 மணி 6 நிமிடம்)