விளிம்பிலுள்ள விசைகள்

சுவாமி ஞானப்பிரகாசர் இயற்றிய 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' 1928ஆம் ஆண்டில் அச்சுவேலி ஞானப்பிரகாச யந்திரசாலையில் அச்சேறிய காலத்தில், ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசைப்படுத்தும் அச்சுக்கோப்பாளர்கள், கண்ணைக் கையெழுத்துப் பிரதியில் வைத்துக்கொண்டு, கையை மாத்திரம் எழுத்துப் பெட்டியின் அறைகளுக்கு அனுப்பியே தொழில் செய்துவந்தார்கள். ககரம் எந்த அறையில், ணகரம் எந்த அறையில் என்று நிறுத்திக் கேட்டால் வாய் தடுமாறியிருக்கும், கை தடுமாறியிராது. பெட்டியின் அறைகளை ஒருவர் இரவோடிரவாக மாற்றி வைத்திருந்தாரேயானால், பல வருஷ அப்பியாசம் ஒரே காலையில் வியர்த்தமாகியிருக்கும். இன்று அதே ஊரில் வீட்டிலிருந்தபடி கொழும்புக் கம்பெனிக்கோ லண்டன் கம்பெனிக்கோ நிரல் எழுதும் இளைஞர்கள், புதிய லப்ரொப்பின் விசைப்பலகை மாற்றப்பட்டிருக்கிறது என்ற செய்தியைக் கேட்டுப் பழையதை விற்றுவிடலாமா என்று யோசிக்கும்போது, அவர்கள் முன்னால் நிற்பதும் இந்த விஷயமேதான்.

கை அறிந்ததை மனம் அறியாது என்பது வெறும் வார்த்தையன்று. அமெரிக்காவின் வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்ரி ஸ்னைடர், கோர்டன் லோகன் முதலியோர் தட்டச்சில் தேர்ந்த நூறு பேரிடம் எழுத்துக்கள் பொறிக்கப்படாத ஒரு விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னபோது, நிமிஷத்துக்கு எழுபதுக்கு மேற்பட்ட சொற்களைச் சர்வசாதாரணமாக அடிக்கும் அவர்களால், இருபத்தாறு எழுத்துக்களில் சராசரியாகப் பதினைந்தைத்தான் சரியான இடத்தில் எழுத முடிந்தது. ஸ்தானம் விரலில் பதிந்திருக்கிறது; பார்வைக்கோ பேச்சுக்கோ அது எளிதில் அகப்படுவதில்லை. ஆகவே ஒரு விசை எவ்வளவு ஆழம் இறங்குகிறது, என்ன சத்தம் போடுகிறது என்பவை சில தினங்களில் பழகிப்போகக்கூடிய காரியங்களாக இருக்க, விசை தன் இடத்தை விட்டு விலகுவது அவ்வாறு எளிதில் பழகிப்போவதில்லை.

எழுத்துக்களின் இடத்தை மாற்ற எந்தக் கம்பெனிக்கும் துணிவு வருவதில்லை. மாற்றப்படுவன எல்லாம் விளிம்பிலுள்ள விசைகளே. சாதாரணமாகக் கடிதம் எழுதுபவருக்கு அந்த விளிம்பு அநாவசியமானது. நிரல் எழுதுபவருக்கோ அதுதான் பிரதான வீதி. எஸ்கேப், கொன்ட்ரோல், அம்புக்குறி, அடைப்புக்குறி, அரைப்புள்ளி ஆகிய இவற்றையே அவர் விரல் நாள் முழுவதும் நாடுகிறது. பில் ஜோய் என்பவர் 1976 அளவில் பேர்க்கிலியில் 'வி' என்னும் எழுத்துத் தொகுப்பியை உருவாக்கியபோது, அவர் உபயோகித்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் இன்றைய ராப் விசை இருக்குமிடத்திலேயே எஸ்கேப் இருந்தது. சின்ன விரலுக்கு வெகு அருகில் இருந்தமையால், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாற அதையே அவர் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. பின்னர் விசை மூலைக்குப் போய்விட்டது. பழக்கம் மாத்திரம் தலைமுறை தாண்டி நிலைத்தது. 2016 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனம் மக்புக் ப்ரோவின் மேல்வரிசையை நீக்கி, தொட்டால் ஒளிரும் ஒரு கண்ணாடிப் பட்டையைப் பதித்தபோது, எஸ்கேப்பும் அந்தக் கண்ணாடிக்குள் ஒரு சித்திரமாகிவிட்டது. அடித்தால் அமுங்காத விசையை விரல் எப்படி நம்பும்? இதில் விசித்திரம் என்னவென்றால், லெனோவோ நிறுவனம் அதற்கு இரண்டு வருஷம் முன்னரே, 2014ஆம் ஆண்டின் திங்க்பாட் எக்ஸ்1 கார்பனில் இதே பரீட்சையைச் செய்து பார்த்து, கப்ஸ் லொக் இருந்த இடத்தில் ஹோம், என்ட் விசைகளைக் கொண்டுவந்து வைத்து, அதிருப்தியைச் சம்பாதித்துக்கொண்டு, அடுத்த வருஷமே பழைய வரிசைக்குத் திரும்பியிருந்தது. அயல்வீட்டார் பட்டுத் தெளிந்ததைப் பெரிய கம்பெனிகளும் பார்ப்பதில்லை போலும். 2019 நவம்பரில் வெளிவந்த பதினாறு அங்குல மக்புக் ப்ரோவில் உண்மையான எஸ்கேப் விசை திரும்பிவந்தது. 2021இல் புதிய பெரிய மாதிரிகளிலிருந்து அந்தப் பட்டை நீங்கிற்று; 2023இல் அடியோடு போயிற்று.

ஆழத்தின் விஷயம் வேறு. சாதாரண லப்ரொப் விசையின் கீழே ஒரு சிறு ரப்பர் குமிழும், அதன் இருமருங்கிலும் கத்தரிக்கோலைப் போலக் குறுக்காகப் பின்னிய இரண்டு பிளாஸ்ரிக் கைகளும் இருக்கின்றன. குமிழ் மடிந்து அமுங்கும் அந்தக் கணத்தில்தான் "அடி விழுந்தது" என்ற செய்தி விரலுக்குக் கிடைக்கிறது. 2015ஆம் ஆண்டில் அப்பிள் இதை விட்டு, வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் விரியும் ஒரு கீலை அமைத்து, அசைவை ஏறக்குறைய அரை மில்லிமீற்றராகக் குறைத்தது. யந்திரம் மெலிந்து அழகாயிற்று. ஆனால் அத்தனை சிறிய இடைவெளியில் ஒரு தூசித்துகள் புகுந்தாலும் விசை ஒன்று அடிபடாமற்போகும், அல்லது ஒருமுறை அடித்தால் இருமுறை விழும். 2018 யூனில் அந்நிறுவனம் இலவசமாகப் பழுதுபார்க்கும் திட்டமொன்றை அறிவித்தது. அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில் 2022ஆம் ஆண்டு ஐந்து கோடி டொலர் கொடுக்க உடன்பட்டது. அதற்கு முன்பே கத்தரிக் கீலுக்கும் ஒரு மில்லிமீற்றர் அசைவுக்கும் திரும்பிவிட்டது. அச்சுவேலியின் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நிலம் கொத்தும் காலத்தில், யன்னலைத் திறந்துவைத்து வேலை செய்பவருடைய மேசையில் ஒரு மணித்தியாலத்துக்குள் படியும் சிவந்த படலத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்த மெலிந்த கீல் இந்த ஊருக்கு ஏற்றதன்று என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விசைப்பலகை உடற்கூட்டோடு ஆணியடித்து இறுக்கப்பட்டிருக்கிறதா, அல்லது சில திருகாணிகளைக் கழற்றித் தனியே மாற்றக்கூடியதா என்று வாங்குமுன் விசாரிப்பது, அசைவு ஒரு மில்லிமீற்றரா ஒன்றரையா என்று விசாரிப்பதிலும் பிரயோசனமானது.

நம்மவருக்கு மாத்திரம் உரிய ஒரு சங்கடமும் உண்டு. இங்குள்ள லப்ரொப்புகளில் ஒரு பகுதி கடையில் வாங்கியவை அல்ல. ஜேர்மனியிலிருந்தோ பிரான்சிலிருந்தோ விடுமுறைக்கு வந்த மாமாவோ சித்தப்பாவோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தவை. ஜேர்மன் பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும்; நெளிந்த அடைப்புக்குறியைத் திறக்க ஏஎல்ரிஜிஆர் விசையோடு ஏழையும், மூடப் பூச்சியத்தையும் அழுத்த வேண்டும்; அரைப்புள்ளிக்கு ஷிப்ட் வேண்டும். பிரெஞ்சுப் பலகையிலோ இலக்கம் ஒன்று எழுதுவதற்கே ஷிப்ட் வேண்டும். இப்படிப்பட்ட அன்பளிப்பு ஒன்றைப் பெற்ற ஓர் இளைஞர், "கை போற இடத்தில கீ இல்லையெண்டால் நெஞ்சு ஒருக்காத் திடுக்கிடுது ஐயா, மாமாவுக்குச் சொல்லவும் ஏலாது" என்றார். அவருக்குச் சொல்லக்கூடிய ஆறுதல் உண்டு: கணினியின் அமைப்பில் அமெரிக்கப் பலகையைத் தெரிவு செய்துவிட்டால், மேலே பொறித்திருப்பது எதுவாயினும், விரல் பழைய இடத்திலேயே பழைய எழுத்தைக் காணும், பொறிப்பை வாசிக்காத விரலுக்கு அது போதும். தீராத குறை ஒன்றுதான். ஐரோப்பியப் பலகையில் இடது ஷிப்ட் குறுகி, அதனருகே மேலதிகமாக ஒரு விசை நிற்கும். என்ரர் விசை நெட்டையாக ஒடுங்கி வலப்புறம் நகர்ந்திருக்கும். எந்த மென்பொருளாலும் பிளாஸ்ரிக்கை நீட்டவோ குறுக்கவோ முடியாது.

யாழ்ப்பாணத்து நிரலாளருடைய கைக்கு இன்னொரு பாரமும் இருக்கிறது. சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்து சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்த ஆர். முத்தையா, ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் சொற்ப விசைகளுக்குள் தமிழை அடக்கும்பொருட்டு, அடித்தாலும் வண்டி நகராத விசைகளை ஏற்படுத்தி, விசிறியையும் புள்ளியையும் முதலில் விழச்செய்து, எழுத்தை அதே இடத்தில் சேர்க்கும் உபாயத்தைக் கண்டார். அவருடைய பொறிகளை ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்துச் சைடல் அன்ட் நௌமன் நிறுவனம் செய்து கொடுத்தது. அத்தட்டச்சுப் பொறியின் ஒழுங்கைப் பெரும்பாலும் தழுவியதே, இன்று ஈழத்தவர் பலர் கையில் உள்ள பாமினி முறை. அதில் புள்ளி வைக்கும் விசை, ஆங்கிலத்தில் அரைப்புள்ளி இருக்கும் விசை. நிரலில் ஒரு கட்டளையை முடிக்கவும், கடிதத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடவும் வலது சின்ன விரல் ஒரே இடத்துக்கே போகிறது. அந்த ஒரு விசை அரைவிரல் தூரம் விலகினாலும் இவருக்கு இரண்டு பாஷைகளும் சேர்ந்து கெடும்.

பணத்தின் கதையையும் பேசாமல் விட முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் நின்றது. மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போயிற்று. சம்பளத்தை ரூபாயில் பெறுபவருக்குப் புதிய லப்ரொப் என்பது அன்றுமுதல் யோசித்துச் செய்ய வேண்டிய பெரிய செலவு. மணிக்கட்டு நோகிறது, விசை இருமுறை விழுகிறது, உதிரிப்பாகம் கிடைப்பதில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். பழைய பலகை மெத்தென்றாகிவிட்டது என்பதுதான் குறையென்றால், நான்கு மில்லிமீற்றர் இறங்கி, இரண்டாவது மில்லிமீற்றரிலேயே எழுத்தைப் பதிவு செய்யும் செரி எம்எக்ஸ் வகை விசைகள் பூட்டிய தனிப் பலகை ஒன்றை வாங்கிச் செருகிக்கொள்வது விவேகம். லப்ரொப் மாறினாலும் அந்தப் பலகை கூடவே வரும். எஸ்கேப் தூரமென்றால், உபயோகமற்றுக் கிடக்கும் கப்ஸ் லொக்கை எஸ்கேப்பாக்கிக்கொள்ள ஒரு சதமும் செலவில்லை.

2024 சனவரியில் மைக்ரோசொவ்ற் நிறுவனம், விண்டோஸ் விசைக்குப் பின் ஏறத்தாழ முப்பது வருஷத்தில் முதன்முறையாக என்று சொல்லி, கொப்பைலட் என்ற விசையைப் பலகையில் சேர்த்தது. பல லப்ரொப்புகளில் அது வந்து அமர்ந்திருப்பது வலது கொன்ட்ரோலின் ஆசனத்தில். வலக்கையால் கொன்ட்ரோல் பிடித்துப் பழகியவர், கடையில் நின்றபடியே தம் வழக்கமான கட்டளைகளைப் பத்து நிமிஷம் அடித்துப் பார்த்துவிட்டு வாங்கட்டும். அந்த விசையைத் தொட்டே அறியாதவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.