வாடகை இல்லாத வீடு, திரும்பிப் போன கோப்பை: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஏஜென்ட்டுகள் ஆடிய ஆட்டம்

2005 டிசம்பர், நியூயார்க். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர் ரெஜி புஷ் ஹைஸ்மன் கோப்பையை வாங்கியபோது அவருக்கு 20 வயது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இதைவிடப் பெரிய தனிநபர் விருது கிடையாது. (நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்தபடி ஓடுவார்களே, அது.)

2010-ல் அந்தக் கோப்பையை அவர் துறந்தார். விருதின் வரலாற்றிலேயே அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான். 2024 ஏப்ரலில் அதே கோப்பை அவரிடமே திரும்பி வந்தது. ஊக்கமருந்து இல்லை, மேட்ச் ஃபிக்ஸிங்கும் இல்லை. அப்புறம் என்னதான் பிரச்னை?

ஒரு வீடு. புஷ்ஷின் பெற்றோர் சான் டியேகோ பக்கத்தில் சுமார் 7.5 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தார்கள். வீட்டின் சொந்தக்காரர், ஸ்போர்ட்ஸ் மார்க்கெட்டிங் நிறுவனம் ஒன்றைத் தொடங்க முயன்ற இருவரில் ஒருவர். புஷ் கல்லூரியை முடித்து ப்ரோ வீரரானதும் அவர்தான் தங்களின் முதல் பெரிய கிளையன்ட் என்பது அவர்களின் கணக்கு. வீடு போக விமான டிக்கெட், ஹோட்டல் செலவு, கார் என்றும் பணம் போனது. மொத்தம் 1 லட்சம் டாலருக்கும் மேல் என்று 2006-ல் யாஹூ ஸ்போர்ட்ஸ் செய்தி வெளியிட்டது.

இதில் என்ன தப்பு?

நம்ம ஊரில் இதைக் கேட்டால், "திறமை இருக்கு, ஒருத்தர் உதவி பண்றார், நல்லதுதானே?" என்பார்கள். ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ அமைப்பின் அடிப்படை விதியே வேறு. கல்லூரி வீரர் ஒரு அமெச்சூர். ஸ்காலர்ஷிப், தங்குமிடம், சாப்பாடு ஆகியவை கல்லூரியிலிருந்து கிடைக்கும். அதைத் தாண்டி, விளையாட்டுத் திறமையை வைத்து வெளியே ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. ஏஜென்ட்டோடு வாய்மொழி ஒப்பந்தம்கூடக் கூடாது. இந்தத் தடை அவருடைய குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். மீறினால் அதற்குப் பிறகு ஆடிய ஒவ்வொரு மேட்ச்சும் தகுதியில்லாத வீரர் ஆடிய மேட்ச் ஆகிவிடும்.

மறுபக்கம் பாருங்கள். அதே மேட்ச்சுகளின் டிவி உரிமம் பல கோடி டாலருக்கு விற்கப்படுகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் ஆளுநர் இல்லை, கல்லூரி அணியின் பயிற்சியாளர்! ஆடுகிற பையனைத் தவிர எல்லோருக்கும் காசு.

இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாமல் என்.எஃப்.எல் தொழில்முறை லீகில் சேர முடியாது. நாளைக்குக் கோடீஸ்வரன் ஆகப்போகிறான் என்று ஊருக்கே தெரிந்த பையன், இன்றைக்குக் கையில் காசில்லாமல் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். ஏஜென்ட்டுகள் நுழைந்தது அந்த இடைவெளியில்தான்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது?

என்.எஃப்.எல் வீரரின் ஒப்பந்தத்தில் ஏஜென்ட் அதிகபட்சம் 3% கமிஷன் எடுக்கலாம். விளம்பர ஒப்பந்தங்களில் இதைவிடப் பல மடங்கு. பத்துப் பேருக்குச் செலவு செய்து ஒருவர் ஸ்டார் ஆனாலே முதலீடு திரும்பிவிடும். ஏஜென்ட் நேரடியாக வரமாட்டார். 'ரன்னர்' என்று அழைக்கப்படும் இளைஞர் ஒருவர் வருவார். வீரரின் வயதுக்காரராக, பார்ட்டியில் பழகுபவராக இருப்பார். முதலில் டின்னர், அப்புறம் அம்மாவின் கரன்ட் பில், அப்புறம் கார்.

1980-களில் நார்பி வால்டர்ஸ், லாயிட் ப்ளூம் என்ற இரண்டு ஏஜென்ட்டுகள் இதைத் தொழிற்சாலை மாதிரியே நடத்தினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரி வீரர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி, ஒப்பந்தத்தில் பிற்காலத் தேதியைப் போட்டுப் பெட்டகத்தில் பூட்டி வைத்தார்கள். கடைசியில் காமெடி என்னவென்றால், காசையும் காரையும் வாங்கிக்கொண்ட வீரர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே வேறு ஏஜென்ட்டிடம் போய்விட்டார்கள்! இருவருக்கும் 1989-ல் கிடைத்த தண்டனையும் மேல்முறையீட்டில் நிற்கவில்லை.

புஷ் விஷயத்திலும் கதை இதேதான். ப்ரோ ஆனதும் அவர் வேறு ஏஜென்ட்டைத் தேர்ந்தெடுத்தார். கடுப்பான பழைய ஆட்களில் ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு 2007-ல் வழக்குப் போட்டார். என்.சி.ஏ.ஏ விசாரணைக்கும் அவரே முக்கிய சாட்சி. 'உதவி' செய்தவரிடமே ஆதாரமும் இருக்கும் என்பதை இருபது வயதில் யார் யோசிக்கிறார்கள்?

அடி விழுந்தது யாருக்கு?

2010 ஜூனில் தீர்ப்பு வந்தது. தெற்கு கலிஃபோர்னியா அணிக்கு இரண்டு ஆண்டுகள் பௌல் போட்டிகளில், அதாவது சீசன் முடிவில் வரும் பெரிய மேட்ச்சுகளில், ஆடத் தடை. 30 ஸ்காலர்ஷிப்கள் வெட்டு. 14 வெற்றிகள் ஏட்டிலிருந்து நீக்கம். தேசிய சாம்பியன் பட்டம் வென்ற மேட்ச்சும் அதில் ஒன்று.

அப்போது புஷ் எங்கே? 2006-லேயே நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் சேர்ந்து, சூப்பர் பௌலும் ஜெயித்திருந்தார். தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரல், தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்பே சியாட்டில் அணிக்குப் போய்விட்டார். தடையை அனுபவித்தது யார் என்றால், 2005-ல் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பையன்கள். 2011-ல் அந்த அணி 12 மேட்ச்சில் 10-ல் ஜெயித்தும் சீசன் முடிவில் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தது.

உதவிப் பயிற்சியாளர் டாட் மெக்நேருக்கு விஷயம் தெரியும் என்று முடிவு செய்து அவருக்கும் தண்டனை கொடுத்தது என்.சி.ஏ.ஏ. அவர் மறுத்தார், அவதூறு வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்தது 2021-ல். பத்து ஆண்டுகள்!

கூடைப்பந்திலும் இதே வேலை நடந்தது. 2017 செப்டம்பரில் எஃப்.பி.ஐ சிலரைக் கைது செய்தது. லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஒரு பையன் சேர, அவன் தந்தைக்கு 1 லட்சம் டாலர் தருவதாகப் பேசி முடித்திருந்தார்கள் அடிடாஸ் நிறுவன அதிகாரி ஒருவரும், கிறிஸ்டியன் டாக்கின்ஸ் என்ற ரன்னரும். 2018-ல் இருவருமே குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது. அந்தப் பையன்? கல்லூரிக்காக ஒரு மேட்ச்கூட ஆட முடியாமல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஆடினான். அப்பா என்ன பேசினார் என்பது தனக்குத் தெரியாது என்றே அவன் சொன்னான்.

2021: ஒரே நாளில் மாறிய விதி

2021 ஜூன் 21. வீரர்களுக்கான கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ வரம்பு போட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பத்தே நாளில், ஜூலை 1 முதல், 'என்.ஐ.எல்' அமலுக்கு வந்தது. பெயர், உருவம், அடையாளம் ஆகியவற்றை வைத்து வீரர் சம்பாதிக்கலாம். விளம்பரத்தில் நடிக்கலாம். அந்த ஒப்பந்தங்களுக்கு ஏஜென்ட்டும் வைத்துக்கொள்ளலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, இப்போது கல்லூரிகளே நேரடியாகப் பணம் தருகின்றன. 2025-26-ல் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

நேற்று வரை குற்றமாக இருந்தது இன்று சம்பளம். ஹைஸ்மன் அறக்கட்டளை கோப்பையைத் திருப்பிக் கொடுத்ததும் இந்த மாற்றத்தைக் காரணம் காட்டித்தான். ஆனால் நீக்கப்பட்ட வெற்றிகளை மறுபரிசீலனை செய்ய முடியாது என்று 2021-லேயே என்.சி.ஏ.ஏ சொல்லிவிட்டது.

அப்போ, பிரச்னை தீர்ந்ததா?

இல்லை, வடிவம் மாறியிருக்கிறது. முன்பு விதி முட்டாள்தனமானது என்று சொல்லலாம். ஆனால் ஏஜென்ட் ஒளிந்து வர வேண்டியிருந்தது. இப்போது வாசல் வழியாகவே வருகிறார்கள், கையில் ஒப்பந்தத்தோடு. என்.எஃப்.எல் ஏஜென்ட்டுக்கு இருக்கும் 3% மாதிரியான வரம்பு என்.ஐ.எல் ஏஜென்ட்டுக்கு நாடு முழுக்க எங்கும் இல்லை.

ஜெர்வான் டெக்ஸ்டர் விஷயத்தைப் பாருங்கள். ஃப்ளோரிடா பல்கலைக்கழக வீரரான அவர், 2022-ல் பிக் லீக் அட்வான்ஸ் என்ற நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு 4,36,485 டாலர் வாங்கினார். பதிலுக்கு, அடுத்த 25 ஆண்டுகளுக்கு என்.எஃப்.எல் சம்பளத்தில், வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையில், 15% கொடுக்க வேண்டும். 2023-ல் சிகாகோ பேர்ஸ் அணி அவரை எடுத்தது. ஒப்பந்தம் சுமார் 67 லட்சம் டாலர். அதில் மட்டும் அந்த நிறுவனத்துக்குப் போக வேண்டியது சுமார் 10 லட்சம். வாங்கியதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இந்த ஒப்பந்தம் ஃப்ளோரிடா சட்டத்துக்கு எதிரானது என்று 2023 செப்டம்பரில் அவர் வழக்குத் தொடர்ந்தார்.

கையெழுத்துப் போட்டபோது அவருக்கும் 20 வயதுதான்.