புழுக்கமான கோடையில் சருமப் பராமரிப்பு: மாற்ற வேண்டியது என்ன?

மும்பை, கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிகுந்த நகரங்களில் கோடை வியர்வை எளிதில் உலர்வதில்லை. குளிர்காலத்தில் பூசிய கெட்டியான கிரீமையே தொடர்ந்தால் வியர்வைத் துளைகள் அடைபட்டு வியர்க்குரு தோன்றும். எனவே எண்ணெய்ப்பசையற்ற ஜெல் வகை மாய்ஸ்சரைசரே ஏற்றது. பிசுபிசுக்கிறது என்று சன்ஸ்கிரீனைக் கைவிடக் கூடாது. வெயிலில் இருக்கும்போது எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாததை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

இக்காலத்தில் தொடை இடுக்கு, அக்குள் பகுதிகளில் படர்தாமரையும் பரவும். அதற்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பு சில நாள்களில் அடங்கும். ஆனால் பூஞ்சைத் தொற்று மேலும் பரவும், பின்னர் குணமாவதும் கடினம். இத்தகைய 14 களிம்புகளை மருத்துவரின் பரிந்துரைச் சீட்டின்றி விற்பதற்கு மத்திய அரசு 2018-இல் தடை விதித்தது. வளைய வடிவில் தடிப்பு தெரிந்தால் தோல் மருத்துவரையே அணுக வேண்டும்.