பேய்க்கதை: எனக்குப் பிடிச்சது உனக்கு ஏன் பிடிக்கலை?



நூலக வகுப்பு வந்தாலே நம்ம பசங்களுக்குள் ஒரு சண்டை. ஒருத்தன் "செம திகில்டா"ன்னு ஒரு புத்தகத்தை நீட்டுவான். வாங்கிப் படிச்சவன் "இதுல என்னடா பயம் இருக்கு?"ன்னு திருப்பிக் கொடுப்பான். மூணாவது ஆள் அட்டைப்படத்தைப் பார்த்ததுமே "எனக்கு வேண்டாம்பா"ன்னு நகர்ந்துவிடுவான். உடனே அவனுக்கு 'பயந்தாங்கொள்ளி' பட்டம்! ஒரே கதை மூணு பேருக்கு மூணு விதமாகத் தோன்றுவது ஏன்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பயத்தில் இரண்டு ரகம்

பயம் என்பது ஒரே சொல்தான். ஆனால் அதற்குள் ரகங்கள் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆன் ராட்கிளிஃப் என்ற எழுத்தாளர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை, அவர் இறந்த பிறகு 1826-ல் வெளிவந்தது. திகில் வேறு, கொடூரம் வேறு என்கிறார் அவர். கதவுக்குப் பின்னால் ஏதோ சத்தம் கேட்கிறது, என்னவென்று தெரியவில்லை என்றால் அது திகில். அப்போது மனசு விழித்துக்கொள்ளும், கற்பனை ஓடும். கதவு திறந்து ரத்தமும் பிணமும் கண்முன்னால் கிடந்தால் அது கொடூரம். அதில் மனசு உறைந்துபோகும். இந்த இரண்டில் எது பிடிக்கும் என்பதில்தான் பாதிச் சண்டை ஆரம்பிக்கிறது.

நாலு கட்சிகள்

பேய்க்கதை வாசகர்களை நாலு கட்சியாகப் பிரிக்கலாம்.

1. 'அடுத்து என்ன ஆகும்?' கட்சி: இவங்களுக்குப் பக்கம் புரட்ட வைக்கும் வேகம் வேண்டும். பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய டிராகுலா இவங்களுக்கு ஏற்றது. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துண்டு என்று பல பேர் எழுதிவைத்ததாகவே கதை போகும். ஒருத்தருக்குத் தெரிந்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. படிக்கிற நமக்கு மட்டும் எல்லாம் தெரியும். "ஐயோ, அங்கே போகாதே!"ன்னு கத்தத் தோன்றும்.

2. 'பேய் இருக்கா, இல்லையா?' கட்சி: இவங்களுக்குக் கடைசிவரை சந்தேகம் தீரக்கூடாது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' அப்படிப்பட்ட கதை. படித்து முடித்த பிறகும் நடந்தது நிஜமா, மனப்பிரமையா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஹென்றி ஜேம்ஸ் 1898-ல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ' கதையைப் பற்றி நூறு வருஷம் தாண்டியும் இதே வாக்குவாதம் ஓயவில்லை.

3. 'விடை சொல்லு' கட்சி: இவங்களுக்குச் சந்தேகம் பாக்கி இருந்தால் தூக்கம் வராது. ஷெர்லக் ஹோம்ஸ் வரும் 'பாஸ்கர்வில்ஸ் வேட்டை நாய்' கதையை இவங்க விரும்புவாங்க. நாவல் முழுக்கப் பேய் நாய் பயமுறுத்தும், கடைசியில் ஹோம்ஸ் காரணத்தை விளக்கிவிடுவார். நம்ம விக்கிரமாதித்தன் கதையையும் இதில் சேர்க்கலாம். சுடுகாடு, நடுராத்திரி, தோளில் பிணம், அதற்குள் வேதாளம்! ஆனாலும் சின்னப் பிள்ளைகள்கூட ரசிக்கிறார்கள். காரணம், நாம் பயத்தை மறந்து புதிருக்கு விடை தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

4. 'பேயே வேண்டாம், மனுஷன் போதும்' கட்சி: ஷெர்லி ஜாக்சன் எழுதிய 'தி லாட்டரி' சிறுகதை 1948-ல் 'தி நியூ யார்க்கர்' இதழில் வந்தது. அதில் பேய் கிடையாது, இருட்டும் கிடையாது. நல்ல வெயில் நேரத்தில் ஒரு கிராமத்து மக்கள் கூடிச் சீட்டு எடுக்கிறார்கள், அவ்வளவுதான். முடிவை நான் சொல்லமாட்டேன்! அந்தக் கோடையில் ஆசிரியருக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்து குவிந்தன. அன்பாக எழுதியவை வெறும் 13 என்று அவரே பின்னால் சொன்னார். பலர் திட்டினார்கள், பலர் புரியவில்லை என்றார்கள். சிலரோ "இந்தச் சீட்டு எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டார்கள்! எனக்கு என்னவோ, கதையைவிட இந்தக் கேள்விதான் அதிக பயமாக இருக்கிறது.

உடம்பு என்ன செய்கிறது?

பயந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும். 'இது வெறும் கதைதான்' என்று மூளைக்கு உறுதியாகத் தெரிந்தால் அந்தப் படபடப்பே ஜாலியாக மாறும், ராட்டினத்தில் சுற்றுகிற மாதிரி. உறுதி கொஞ்சம் ஆட்டம் கண்டால் அதே படபடப்பு வேதனையாகிவிடும். இந்த எல்லைக்கோடு ஆளுக்கு ஆள் மாறும்.

டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மக்களைப் பயமுறுத்துவதற்கென்றே அமைத்த ஒரு பேய் வீட்டில் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. உள்ளே போனவர்களில் ஒரு பகுதியினர் முடிந்தவரை அதிகமாகப் பயப்பட முயன்றார்கள். இன்னொரு பகுதியினர் முடிந்தவரை பயத்தை அடக்கப் பார்த்தார்கள். வெளியே வந்து கேட்டால் இரண்டு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவு திருப்தி என்றார்களாம். அதாவது கண்ணை மூடிக்கொண்டு விரல் இடுக்கில் பார்ப்பவனும் ரசிகன்தான்!

நாம் செய்ய வேண்டியது

புத்தகத்தில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. பயம் அதிகமானால் மூடி வைத்துவிடலாம், பகலில் மீண்டும் எடுக்கலாம். கடிவாளம் நம்ம கையில். ஆனால் கரண்ட் போன ராத்திரியில், விடுதியில் பெரிய அண்ணன்கள் ஆறாம் வகுப்புத் தம்பிகளைச் சுற்றி உட்கார வைத்துப் பேய்க்கதை சொன்னால் அந்தக் கடிவாளம் தம்பி கையில் இல்லை. எழுந்து போனால் கிண்டல், உட்கார்ந்தால் தூக்கம் போச்சு. பாத்ரூம் போகக்கூடப் பயந்து விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளைகள் உண்டு. அது ரசனை இல்லைங்க, தொந்தரவு. கதை சொல்லுமுன் "கேட்கிறியா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். "வேண்டாம்"னு சொன்னால் விட்டுவிட வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். பேய்க்கதை படிக்கிறவன் கெட்டுப்போவான் என்று எல்லாப் புத்தகத்தையும் பூட்டிவிடாதீர்கள். புதுமைப்பித்தனும் அதற்குள்தான் இருக்கிறார். எந்த வயதுக்கு எது பொருந்தும் என்று எடுத்துக் கொடுங்கள்.

காரம் பிடிக்காதவனை நாம் கோழை என்று சொல்வதில்லையே! பயமும் ஒரு சுவைதான். ஒருத்தனுக்கு மிளகாய், ஒருத்தனுக்கு மிளகு, ஒருத்தனுக்குத் தயிர்சாதம்.

நீங்க எந்தக் கட்சி? இந்தத் தாளுக்குக் கீழே வெள்ளைத்தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. உங்கள் கட்சி எண்ணையும், பிடித்த கதையின் பெயரையும் எழுதுங்கள். முடிவை மட்டும் எழுதிடாதீங்க, ப்ளீஸ்!



– 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு